புகை டீச்சரும் கித்தேரி அண்ணனின் லோடு ஆட்டோவும்

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிற இடத்தில், மூக்கை நீட்டிக்கொண்டு போய் நின்று பிழைக்கிற தொழில் எங்களுடையது. வண்டிப் புகைப் பரிசோதனை. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்க். அதன் வாசலில் ஒரு பழைய வேன். வேனுக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெஷின், மெஷினிலிருந்து நீளும் குழாய், அதன் நுனியில் ஒரு கம்பி. அந்தக் கம்பியை உங்கள் வண்டியின் சைலன்சருக்குள் சொருகி, புகை அளவோடு இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை.

நீங்களும் வண்டி வைத்து அல்லாடுகிறவர்தானே? அப்படியென்றால் என்னை மாதிரி ஒருத்தியை எங்கேயாவது கட்டாயம் திட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது. இன்ஷூரன்ஸ், எஃப்.சி., பச்சை வரி, பெட்ரோலில் எத்தனால் என்று உங்களை விரட்டுகிற படையில் நான் கடைசிச் சிப்பாய், அவ்வளவுதான். என்னிடமும் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. அதற்கு நானே ஒரு தடவை ஃபெயில் போட்டிருக்கிறேன். ஆகவே நாம் எல்லாரும் ஒரே இனம்.

முன்பெல்லாம் நான் வேன் கதவைத் திறக்கும் முன்பே வண்டி வரிசை பங்க்கைத் தாண்டி நிற்கும். ஆளுக்கு ஆள் ஹாரன் அடிப்பார்கள், சண்டை போடுவார்கள், டீ வாங்கித் தருவார்கள். இப்போது வருகிற புது வண்டிகள் புகை விடமாட்டேன் என்கின்றன. பேட்டரி வண்டிகள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊருக்கு நல்லதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தமும் சண்டையும் இல்லாமல் எனக்குப் பொழுது போகமாட்டேன் என்கிறது. பக்கத்தில் பங்க்கில் காற்றுப் பிடிக்கிற சுப்பையா அண்ணாச்சி மட்டும் அன்றும் இன்றும் துணை. என் வழக்குகளுக்கு அவர்தான் சாட்சி, வக்கீல், சில நாள் நீதிபதி. நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து பேசிப் பேசிச் சிரித்தவற்றில் சிலதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டம் கிடைத்த நாள்

நான் நாசரேத்காரி. வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். நானும் பி.எட். முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் கல்யாணமாகி முத்தையாபுரம் வந்தேன். வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்த இந்த வேனில் "கொஞ்ச நாளைக்கு" என்று உட்கார்ந்தேன். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

உட்கார்ந்த புதிதில் ஹார்பரிலிருந்து நிலக்கரி ஏற்றுகிற லாரி ஒன்று வந்தது. டிரைவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். பங்க், ரோடு, சுப்பையா அண்ணாச்சி, எல்லாம் கண்ணைவிட்டு மறைந்தது. புகை விலகினதும் ஸ்கிரீனைப் பார்த்து, பரீட்சைத் தாள் திருத்துகிற என் அம்மாவின் அதே குரலில் "ஃபெயில்" என்றேன். அத்தோடு விட்டேனா? "ஏன் இவ்வளவு மோசமா இருக்கு? ஒழுங்கா சர்வீஸ் பண்ணிட்டு வாங்க" என்று ஒரு அதட்டல் வேறு. அந்த மனிதர் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். அன்றிலிருந்து இந்த ரோட்டில் எனக்கு டீச்சர் என்றுதான் பேர். பேர் வைத்தது அவர்தான். சுப்பையா அண்ணாச்சியைப் பார்த்து அழாக்குறையாகச் சொன்னார்:

"அண்ணாச்சி, டீச்சருக்குப் பயந்துதான் பள்ளியூடத்த விட்டுட்டு லாரிக்கு வந்தேன், இங்கனயும் ஒரு டீச்சர ஒக்கார வச்சிருக்கியளே!"

உப்பு போட்ட மார்க்

எங்கள் ஊர் உப்பளக் காற்று இரும்புக்கு எமன். வீட்டு ஜன்னல் கம்பியே நிற்காது, உப்பு லாரியைக் கேட்கவே வேண்டாம். ஒருநாள் அப்படி ஒரு கிழட்டு உப்பு லாரி வந்து நின்றது. பார்த்ததுமே இது தேறாது என்று நினைத்துக்கொண்டேன். கம்பியைச் சொருகி மிதிக்கச் சொன்னால், நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து இறங்கின வண்டி மாதிரி அத்தனை சுத்தம் என்கிறது மெஷின்! எனக்கு ஒரே சந்தோஷம். "வண்டிய பிள்ள மாதிரி வச்சிருக்கீங்க அண்ணாச்சி" என்று டிரைவரை வாய்விட்டுப் பாராட்டினேன். அவரும் கூச்சமே படாமல் வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின் டயருக்குக் காற்றுப் பிடிக்கக் குனிந்த சுப்பையா அண்ணாச்சி இருமிக்கொண்டே ஓடிவந்தார். "எம்மா டீச்சர், அடியில குனிஞ்சு பாரும்மா!" குனிந்தேன். சைலன்சர் நெடுகிலும் உப்பு அரித்து ஓட்டை. இடியாப்ப அச்சு தோற்றது. புகை பூராவும் வழியிலேயே குபுகுபுவென்று இறங்கிவிட, என் கம்பி இருந்த முனைக்கு வெறும் காற்றுதான் வந்திருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்! பாராட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டு, புது சைலன்சர் மாட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கத்தினேன். அவருக்குச் சான்றிதழ் போனதைவிடப் பாராட்டுப் போனதில்தான் வருத்தம். லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே சொன்னார்:

"சைலன்சர அரிச்சது உப்பு, அதுக்கு நான் என்ன டீச்சர் செய்ய, கடல்கிட்ட போயி இனிமே இனிப்பா இருன்னு சொல்லவா?"

கரையில் மட்டும் சட்டம்

இப்போது கித்தேரி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாம் வந்துபோனவர்கள். இவர் அப்படியில்லை.

கித்தேரி அண்ணன் முன்பு வள்ளத்தில் கடலுக்குப் போனவர். இடுப்பு ஒத்துழைக்காமல் கரைக்கு வந்து, ஒரு டீசல் லோடு ஆட்டோ வாங்கினார். விடிகிற நேரத்தில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, மனைவி ரீத்தாவைப் பின்னால் பெட்டியோடு உட்காரவைத்துக்கொண்டு முத்தையாபுரம், முள்ளக்காடு என்று தெருத் தெருவாகப் போவார். அவர் ஓட்டுவார், ரீத்தா அக்கா நிறுத்துக் கொடுப்பார். அந்த ஆட்டோ ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். ஆட்டோ ஓட எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வேண்டும். எஃப்.சி.க்கு என் சான்றிதழ் வேண்டும். ஆக, அந்தக் குடும்பத்தின் சோறு வருஷா வருஷம் என் கம்பி நுனியில் வந்து நிற்கும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

முதல் தடவையே அளவு கொஞ்சம் கூடித்தான் இருந்தது. ஃபில்டரை மாற்றி, நாசிலைச் சுத்தம் செய்து கொண்டுவரச் சொன்னேன். ரீத்தா அக்கா மெல்ல ஒரு பாரை மீனை எடுத்துத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். "எக்கா, சோதனைக்கு வந்த அன்னைக்கு நான் மீன் வாங்க மாட்டேன். நாளைக்குத் தெருவுக்கு வாங்க, காசு கொடுத்து வாங்குதேன்" என்றேன். கித்தேரி அண்ணனுக்கு மீசை துடித்தது. மறுநாள் எல்லாம் சரிசெய்துகொண்டு வந்து மயிரிழையில் பாஸாகிவிட்டார் என்பது வேறு விஷயம். ஃபெயிலான அன்றைக்கு ஹார்பர் இருக்கிற திசையில் கையை நீட்டிக்கொண்டு கேட்டார்:

"அங்கன கப்பலு கப்பலா நின்னு கரும்பொகை விடுதே, மொதல்ல ஏணி வச்சு ஏறி அதுக்கு ஒரு ஃபெயில் போட்டுட்டு வாங்க டீச்சர், நான் இங்கனயேதான் உக்காந்திருப்பேன்!"

சர்ச்சுக்கு வந்த ஸ்கூட்டர்

பெட்ரோலில் எத்தனாலைக் கூடுதலாகக் கலக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பின சமயம் எங்கள் பங்க் ஒரு சட்டசபையாகவே மாறியது. மைலேஜ் போச்சு என்று ஒரு கட்சி. கரும்பு போடுகிறவனுக்கு நாலு காசு கிடைக்கட்டுமே என்று ஒரு கட்சி. அரபு நாட்டில் கையேந்த வேண்டாம் என்று இன்னொரு கட்சி. பெட்ரோல் போட வந்தவர்கள் பெட்ரோலை மறந்துவிட்டு நின்று பேசினார்கள்.

அப்போது சாத்தான்குளத்து ஜேக்கப் சார் வந்தார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், எங்கள் அப்பாவின் சினேகிதர். மதுவிலக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குத் தண்ணீர் குடிக்கவே பயம் வரும். பின்னால் ஆன்ட்டி. இரண்டு பேரும் சர்ச் முடிந்து மகள் வீட்டுக்கு வந்தவர்கள். வண்டி அந்தக் காலத்துக் கியர் ஸ்கூட்டர். காலையில் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது, கனைக்கிறது என்றார். "பெட்ரோல்ல எத்தனால் கலக்குதாங்க சார். கரும்பு, மக்காச்சோளத்துல எடுக்குற ஆல்கஹால். பழைய வண்டியில ரப்பர் சாமான் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும்னு சொல்லுதாங்க" என்றேன். ஆல்கஹால் என்ற சொல்லுக்கு அப்புறம் சாருக்கு எதுவும் காதில் விழவில்லை. ஸ்கூட்டரை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தன நாளா?" என்றார். "கொஞ்சம் கொஞ்சமா ரொம்ப வருசமாவே சார், இப்பம்தான் அளவு கூடிட்டு" என்றார் சுப்பையா அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில் சொல்கிற மாதிரி. நான் கம்பியைச் சொருகிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, போன தடவையைவிட நல்ல அளவு. அதைச் சொன்னதும் சாருக்கு இன்னும் வேதனை. ஆன்ட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சார் சான்றிதழை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏம்மா, நான் ஜென்மத்துல தொடாதத இது தினமும் குடிச்சிட்டு, என்னையே தூக்கிட்டுச் சர்ச்சுக்கு வந்திருக்கு, பாத்தியா!"

இல்லை என்பதற்கும் ஒரு பேப்பர்

காயல்பட்டினத்து இபுராஹிம் பாய் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு பேட்டரி கார் வாங்கினார். நேரே என்னிடம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். புகைச் சான்றிதழ் வேண்டுமாம். "பாய், இது பொகையே விடாது. இதுக்குச் சான்றிதழே தேவையில்ல, சட்டமே அப்படித்தான்" என்றேன். நம்பவில்லை. அவருடைய மச்சான், எல்லா வண்டிக்கும் இருக்கிற பேப்பர் இதற்கு மட்டும் இல்லாவிட்டால் ரோட்டில் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார். "அப்பம் பொகை இல்லன்னு ஒரு பேப்பர் போட்டுத் தாங்க" என்றார். பின் சீட்டில் உம்மா கண்ணாடியை இறக்கி, "இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம், ஏதாவது ஒண்ணு குடுத்து அனுப்பு மவளே" என்றார்.

இல்லாத புகையை அளக்கவும் முடியாது, அளக்காமல் சான்றிதழ் அடிக்கவும் முடியாது. கம்ப்யூட்டரே விடாது என்று தலையால் தண்ணீர் குடித்து விளக்கினேன். சுப்பையா அண்ணாச்சி மனசு கேட்காமல் நாலு டயருக்கும் காற்றுப் பார்த்துவிட்டார், வந்ததற்கு ஏதோ ஒன்று நடக்கட்டும் என்று. கடைசியில் பாய் அரைமனதாகக் கிளம்பினார். வளைகுடாவில் வாழ்நாளின் பாதியைக் கழித்தவர் இல்லையா, போகும்போது எனக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனார்:

"இருக்குன்னா ஒரு பேப்பர் போதும் அக்கா, இல்லங்கறதுக்குத்தான் எந்த நாட்டுலயும் ஒம்பது பேப்பர் கேப்பாங்க."

சாளை எண்ணெய்

வருஷம் ஏற ஏற கித்தேரி அண்ணன் ஆட்டோவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் மெக்கானிக்கிடம் போவதும், என்னிடம் வருவதும், மறுபடி மெக்கானிக்கிடம் போவதுமாக அலைந்தார். அப்படி இருக்கிறபோது யாரோ அவருக்கு போனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். வெளிநாட்டில் தாவர எண்ணெயிலும் மீன் எண்ணெயிலும் டீசல் செய்கிறார்களாம், புகையே வராதாம். மீன் எண்ணெய்க்கு எங்கள் கடற்கரையில் பஞ்சமா? வள்ளத்துப் பலகை உளுத்துப் போகாமல் இருக்கப் பூசுகிற சாளை மீன் எண்ணெய் அவர் வீட்டில் கேனோடு கிடந்தது. அண்ணன் அதை அப்படியே டீசல் டாங்கில் ஊற்றிக் கலக்கிவிட்டார்.

அன்று அவர் வருவதற்கு முன்னால் வாசம் வந்தது. யாரோ ரோட்டிலேயே அடுப்பு வைத்துச் சாளை பொரிக்கிற மாதிரி. பெட்ரோல் போட நின்றவர்கள் எச்சில் விழுங்கினார்கள். அப்புறம் ஆட்டோ வந்தது. ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ப் பூனைகள் வந்தன. பங்க் கூரையில் காக்காய்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ரீத்தா அக்கா பின்னாலிருந்து இறங்கி, "சொன்னேன் டீச்சர், கேக்கல. மீன விட்டுட்டு எல்லாப் பூனையும் சைலன்சர மோந்து பாக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கம்பியைச் சொருகினேன். மெஷின் அலறியது. கம்பியெல்லாம் பிசுபிசுவென்று ஒரு பாகு. "அண்ணே, அத அப்படியே ஊத்தப்பிடாது. காய்ச்சி, சுத்தம் பண்ணி, என்னென்னமோ சேத்துல்லா டீசலாக்குவாங்க! நாசில் அடைச்சிரும். எஞ்சினே போயிரும்" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுப்பையா அண்ணாச்சி டயர்மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கித்தேரி அண்ணன் மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"பொகைக்கு மட்டுந்தான் மார்க் போடுதீங்க டீச்சர், வாசத்துக்கும் ரெண்டு மார்க் உண்டுன்னா நான் பாஸாயிருப்பேன்லா?"

ஒரு நம்பர்

நான் சொன்னதுதான் நடந்தது. நாசில் அடைத்து, பம்ப் போய், மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே எல்லாமே தேய்ந்திருந்ததாம். செலவு செய்தால் ஓடும், ஆனால் புகை குறையாது என்று சொல்லிவிட்டார். எஃப்.சி. முடிகிற நாளும் நெருங்கிவிட்டது.

இருந்த காசைப் போட்டு வண்டியை ஓட வைத்து, அன்று கித்தேரி அண்ணன் தனியாக வந்தார். மீசை துடிக்கவில்லை, கப்பலைக் காட்டவில்லை. மெஷின் ஃபெயில் என்று காட்டியது. அவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், கம்பிய வேற ஒரு நல்ல வண்டியில சொருகிட்டு, போட்டோ மட்டும் என் வண்டிய எடுங்க. எத்தனையோ எடத்துல செய்யுதாங்க. ஒரு நம்பர்தான டீச்சர்."

உண்மையைச் சொல்கிறேன், என் கை அந்தக் கம்பியை எடுத்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு புது வேன் நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆட்டோவின் பின்னால், சைலன்சருக்கு நேர் மேலே தினமும் உட்கார்ந்து வருகிற ரீத்தா அக்காவின் இருமல் எனக்குத் தெரியும். தெருவில் மீன் நிறுக்கும்போது தராசே ஆடுகிற மாதிரி இருமுவார். அந்தப் புகையை நல்ல புகை என்று நான் எப்படி எழுதிக் கொடுக்க? "என்னால முடியாதுண்ணே" என்றேன். சுப்பையா அண்ணாச்சி காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கித்தேரி அண்ணன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்:

"நீங்க சொல்லுதது ஞாயந்தான் டீச்சர், அந்த ஞாயத்த வச்சுக்கிட்டு நாளைக்கு நான் என்ன மீன ஏலம் எடுக்க?"

இருமலும் ஏவாரமும்

அதற்கப்புறம் அவர் இந்தப் பக்கமே வரவில்லை. அவரும் ரீத்தா அக்காவும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவதும் நின்றுபோனது. எங்கள் வீட்டில் மீன் வாங்கவே எனக்கு மனசில்லை. வேறு வேலை தேடுகிறார் என்றார்கள். ஆட்டோவைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டார் என்றார்கள். நான்தான் தள்ளவைத்தேன் என்று எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்தல்.

ஒருநாள் என் வேனுக்குப் பின்னால் யாரோ "டீச்சர்" என்றார்கள். திரும்பினால் பளபளவென்று ஒரு பேட்டரி லோடு ஆட்டோ. கித்தேரி அண்ணன் முன்னால், ரீத்தா அக்கா பின்னால். அது வந்து நின்ற சத்தமே எனக்குக் கேட்கவில்லை. ரீத்தா அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கி எடுத்திருக்கிறார். மாதா கோவிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த மாலை இன்னும் வாடவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுப்பையா அண்ணாச்சி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயராவது இருக்கிறதே என்று சமாதானப்பட்டுக்கொண்டார்.

ஆனால் அடுத்த சில நாளிலேயே இரண்டு பேர் முகமும் தொங்கிப்போனது. எடுத்த மீன் பாதிக்குமேல் திரும்பி வந்தது. ஐஸ் உருகி, மீன் கெட்டு, கடலிலேயே கொட்டிவிட்டு வந்தார்கள். காரணம் என்னவென்றால், அவர்கள் தெருவுக்குள் வந்துபோனதே யாருக்கும் தெரியவில்லை. பழைய ஆட்டோ தெரு முனையில் திரும்பும்போதே டபடப டொக்கு, டபடப டொக்கு என்று ஒரு சத்தம் போடும். அந்த டொக்குக்காகவே அடுப்பில் இருக்கிறதை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள். இந்த வண்டி பூனை மாதிரி வந்துவிட்டுப் பூனை மாதிரி போய்விடுகிறது. ஹாரன் அடித்தால் ஸ்கூல் வேன் என்று நினைக்கிறார்கள். "மீனு மீனு" என்று ஸ்பீக்கர் வைத்தால், காய்கறிக்காரர், பழைய இரும்புக்காரர், பூக்காரர் எல்லாரும் ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறார்கள், யார் காதிலும் விழுவதில்லை. மாதத் தவணை வேறு வந்து நிற்கிறது. இப்படியே போனால் இந்த வண்டியும் கையைவிட்டுப் போய்விடும். ரீத்தா அக்கா ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து சொன்னார்:

"இருமல் போச்சு டீச்சர், கூடவே ஏவாரமும் போச்சு."

கடைசி முறுக்கு

"அந்தச் சத்தத்தையாவது போன்ல புடிச்சு வச்சிருக்கலாம்" என்று கித்தேரி அண்ணன் சும்மாதான் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது. "வண்டி இன்னும் அந்த இரும்புக் கடையில கெடக்காண்ணே?" என்று கேட்டேன். கிடந்தால் கிடக்கும், இல்லாவிட்டால் வெட்டியிருப்பார்கள் என்றார். வேனைச் சாத்திவிட்டு, சுப்பையா அண்ணாச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தப் பேட்டரி வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். சத்தமே போடாத வண்டி, சத்தமில்லாமல் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

நல்லவேளை, கிடந்தது. கதவு, கண்ணாடி, பேட்டரி எல்லாம் கழற்றியாயிற்று. மறுநாள் வெட்டப் போகிறார்களாம். கடைக்காரர் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ரீத்தா அக்கா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற லாரியின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். அடைத்த நாசிலை அவரே கழற்றி ஊதினார். கித்தேரி அண்ணன் சத்தத்தைப் பதிய போனைச் சைலன்சர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொள்ள, நான் ஹேண்டிலைப் பிடித்தேன். வண்டி முக்கியது, முனகியது, இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. டபடப டொக்கு.

எனக்குப் பழக்கதோஷம், சோதனை எடுக்கிற மாதிரி ஒரே முறுக்காக முறுக்கிவிட்டேன். "ஐயோ டீச்சர், பைய! சந்து திரும்பி வாரதுமாரி வேணும்" என்று ரீத்தா அக்கா பதறினார். பைய விட்டேன். "ஆங், இப்பம் செல்வி வீட்டு வாசல். இப்பம் ஸ்பீடு பிரேக்கர். கொஞ்சம் கொறைங்க, ஆச்சி சட்டி எடுத்துட்டு வார வரைக்கும் நிக்கணும்லா." கண்ணை மூடிக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன். கரும்புகை எங்கள் மூன்று பேரையும் சுற்றிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகையால் என்று பொய் சொல்ல மாட்டேன், புகை எனக்குப் பழகினது. இந்த வண்டிக்குத்தான் நான் ஃபெயில் போட்டேன். இப்போதும் மெஷின் இருந்தால் ஃபெயில்தான் போடுவேன். ஆனாலும் அழுகை வந்தது. டீசல் தீர்ந்ததும் வண்டி தானாகவே நின்றது.

மறுநாள் காலையில் நான் வேனுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் டபடப டொக்கு என்று கேட்டது. பழக்கத்தில் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடிவிட்டேன். பேட்டரி ஆட்டோவின் கூரையில் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. பின்னால் ஐஸ் பெட்டி காலி. ரீத்தா அக்கா காலி அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். முள்ளக்காட்டில் ஒரு வீடு விடாமல் சட்டியோடு வந்து நின்றார்களாம், வண்டிய ரிப்பேர் பாத்தாச்சா என்று கேட்டார்களாம். நான் கம்பியும் கையுமாக வண்டியின் பின்பக்கம் நிற்பதைக் கித்தேரி அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அந்த மீசை துடித்ததைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"பாத்துட்டீங்கள்லா டீச்சர், இப்பம் அந்தக் கம்பிய எங்கன சொருகப் போறீங்க?"

தூத்துக்குடியிலேயே துளிப் புகை விடாமல் ஓடுகிற ஒரே டீசல் வண்டி, இன்றைக்கும் கித்தேரி அண்ணனுடையதுதான்.